துளை விழாத அட்டைகள்

தூத்துக்குடி
12-8-1974, திங்கள், காலை 10.40
வந்த மனுக்கள்: மூன்று

அன்புள்ள அத்தானுக்கு,

நயினார் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். அக்காவும் பிள்ளைகளும் அங்கே சுகம்தானே என்று கேட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

மேலே இருக்கிற எண்ணை இன்னொரு தடவை பாருங்கள். திரேஸ்புரத்தில் நாம் கொடுத்த வைத்தியக் காப்பீட்டு அட்டைகள் 412. கொடுத்து நாலு மாதம் ஐந்து நாள் ஆகிறது. அட்டையைக் காட்டினால் ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். இத்தனை குடும்பத்தில் இத்தனை நாளில் மூன்று பேருக்குத்தான் உடம்புக்கு வந்ததா? புள்ளியியலில் எம்.எஸ்ஸி. வாங்கியவன் இதை நம்பினால் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

மூன்றுமே கடைத்தெருவிலிருந்து வந்தவை. மளிகைக்கடை மாடக்கண்ணு அண்ணாச்சிக்கு மஞ்சள்காமாலை. அவர் தங்கச்சிக்குப் பிரசவம். எதிர்க்கடை ஆச்சிக்குக் கை எலும்பு முறிவு. கடற்கரை வீடுகளிலிருந்து ஒன்றுகூட இல்லை. சங்கு குளிக்கிறவர்களும் வலை இழுக்கிறவர்களும் இரும்பில் செய்தவர்களா?

நர்ஸ் அற்புதமணி மேசைமேல் துளை போடும் கருவியை வைத்துக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம்வரை கம்பளிச் சட்டை பின்னுகிறார். தூத்துக்குடி வெயிலில் கம்பளிச் சட்டை. யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

சோதனைத் திட்டம் அடுத்த ஏப்ரல் ஆறோடு முடிகிறது. தொடர்வதும் மூடுவதும் நாம் எழுதும் மதிப்பீட்டைப் பொறுத்தது. காரணம் தெரியாமல் நான் ஒரு வரி எழுதமாட்டேன். நாளையிலிருந்து வீடுவீடாகப் போகிறேன்.

ஆத்தூரிலிருந்து அம்மா கொடுத்த வெற்றிலை பார்சலில் வருகிறது. அக்காவுக்கு என் அன்பு.

நயினார்

*

சென்னை
24-8-1974

சிரஞ்சீவி நயினாருக்கு ஆசீர்வாதம்.

இங்கு அனைவரும் சௌக்கியம். வெற்றிலை வாடாமல் வந்து சேர்ந்தது. உன் அக்கா பாதியை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டாள்.

எண்ணைப் பார்த்துப் பதறாதே. மனு குறைவு என்றால் நோய் குறைவு என்றும் கொள்ளலாம். கடற்காற்று, மீன் சாப்பாடு. மேலிடத்தில் அப்படித்தான் நினைக்கிறார்கள். போலி மனு ஒன்றுகூட வராததற்குத் துளை முறையும் ஒரு காரணம். நோயாளியின் பெயருக்கு நேரே அட்டையில் துளை போட்டு, விழுகிற வட்டத்தை மனுவில் ஒட்டுவது. ரயில் டிக்கெட்டைப் பார்த்து எனக்குத் தோன்றிய யோசனை. செயலாளரே மெச்சினார். வீட்டிலும் ஒரு கருவி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் காலண்டரைச் சல்லடை ஆக்கிவிட்டார்கள்.

ஒரு விவரம் வேண்டும். இதே திட்டத்தின் மற்றச் சோதனை ஊரில் நூறு அட்டை கொடுக்க ஒரு மாதம் பிடித்தது. நீ ஒரே நாளில் 412-ம் கொடுத்தாயே, எப்படி? அறிக்கையில் சேர்த்தால் உனக்கு நல்ல பெயர் வரும்.

வெயிலில் அலையாதே. மோர் குடி.

சிவசுப்பிரமணியன்

*

தூத்துக்குடி
2-9-1974, திங்கள், மாலை 5.15
பார்த்த வீடுகள்: 60. நோயாளிகள்: 83. அட்டையை எடுத்தவர்கள்: யாருமில்லை

அன்புள்ள அத்தானுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கும் குறைவிருக்காது என்று நம்புகிறேன்.

கடற்காற்றாவது, மீனாவது! அறுபது வீட்டில் ஏப்ரலிலிருந்து எண்பத்து மூன்று பேர் படுத்திருக்கிறார்கள். காதில் சீழ், காசம், பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு, நாலு பிரசவம். ஒரு பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. எல்லாரும் மருந்துக்கடைக்கும் நாட்டு வைத்தியரிடமும் போயிருக்கிறார்கள். நகையை வைத்து வைத்தியம் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அட்டை வீட்டில் சும்மா இருக்கிறது.

"அட்டை எங்கே?" என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில். "பத்திரமா இருக்கு சாரே." பிலோமி என்று ஒரு அம்மாள், கருவாடு காயப்போட்டுக்கொண்டே திருப்பிக் கேட்டார்: "கொடுத்தத எத்தன தடவ எண்ணுவிய? திருப்பிக் கேக்கதுக்கா கொடுத்திய?"

எதையோ மறைக்கிறார்கள். இல்லையென்றால் எனக்குத்தான் ஏதோ புரியவில்லை. இரண்டாவதாக இருந்தால்தான் எனக்குக் கோபம் வரும்.

எண்பத்து மூன்று பேரின் பட்டியலை இணைத்திருக்கிறேன். முழுவதும் படியுங்கள்.

அக்காவிடம் சொல்லுங்கள், மோர் குடிக்கிறேன்.

நயினார்

*

சென்னை
23-9-1974

சிரஞ்சீவி நயினாருக்கு ஆசீர்வாதம்.

எல்லாரும் நலம். சின்னவனுக்கு ஜலதோஷம், சரியாகிவிட்டது.

உன் பட்டியல் கிடைத்தது. ஆனால் நாம் அனுப்ப வேண்டியது நான்காம் படிவம் மட்டும். அதில் "வந்த மனுக்கள்" என்று ஒரு கட்டம்தான் இருக்கிறது. "வராத மனுக்கள்" என்று கட்டம் கிடையாது. கட்டத்துக்கு வெளியே எண்ணாதே. அது உனக்கும் நல்லதில்லை, எனக்கும் நல்லதில்லை.

அட்டை கொடுத்த விவரம் கேட்டிருந்தேன். பதில் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சிவசுப்பிரமணியன்

*

தூத்துக்குடி
7-10-1974, திங்கள், பகல் 12.30
கடைத்தெருவில் கொடுத்த அட்டைகள்: 23. அதில் வந்த மனுக்கள்: மூன்று
கோவிலில் கொடுத்த அட்டைகள்: 389. அதில் வந்த மனுக்கள்: பூஜ்யம்

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். இங்கே ஒருவர் சுகமாக இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பாஸ்கல் என்று சங்கு குளிக்கிறவர். முப்பத்திரண்டு வயது. போன மாதம் கரையில் வள்ளத்தைத் தள்ளும்போது திருக்கை முள் வலது காலில் ஏறிவிட்டது. ஒன்பது நாள் கழித்து நான் கணக்கெடுக்கப் போனபோது கால் பூசணிக்காய் மாதிரி வீங்கி, விரல் இரண்டு கறுத்துக் கிடந்தது. வாடை வாசலிலேயே அடித்தது. அவர் மனைவி கிளாடிஸ் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அட்டை எங்கே? எடுங்க, இப்பவே போவோம்" என்றேன்.

"இருக்கு சார்."

பார்த்தேன். சுவரில் சின்னப் பீடம். மாதா சுரூபம். அதன் பின்னால் காய்ந்த குருத்தோலைச் சிலுவை. அந்த ஓலைக்குள் செருகி, நம்முடைய நீல அட்டை. முன்னால் மெழுகுவர்த்தி. நான் கையை நீட்டினேன். பளார் என்று என் கையில் ஒரு அடி விழுந்தது, அத்தான்.

"தொடாதிய! மந்திரிச்சது!"

"அம்மா, அது கவர்மெண்டு அட்டை."

"இருக்கட்டும். குருத்தோலையோட சேத்து தீர்த்தம் தெளிச்சதுல்லா? அதக் கொண்டு போனா அந்த நர்சம்மா ஓட்டை போடுதாவளாமே? அதுவும் எம் புருசன் பேருக்கு நேர! மந்திரிச்ச சாமான்ல, கட்டுனவன் பேருக்கு நேர, நானே கொண்டு போயி ஓட்டை போட்டுட்டு வரவா? நீரு ஒம்ம வீட்டுல செய்வீரா?"

படுக்கையிலிருந்து பாஸ்கல் சொன்னார்: "ஏளா, சார அடிக்காத. அவரு எழுதி வச்சிருவாரு."

இப்போது நீங்கள் இரண்டு தடவை கேட்டதற்குப் பதில். ஏப்ரல் ஏழு, ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு. 412 அட்டை கொடுக்க மாதக்கணக்கில் அலைய எனக்குப் பொறுமை இல்லை. கோவிலில் எல்லாரும் ஓலையோடு கூடுவார்கள் என்று தெரிந்துகொண்டு, சாமியாரிடம் போய், பூசை முடிந்ததும் கொடுக்க இடம் கேட்டேன். "ஓலைக்குத் தெளிக்கும்போது இதுக்கும் ரெண்டு சொட்டு தெளிச்சுவிடுங்க சாமி, நம்பி வாங்குவாங்க" என்று சொன்னவன் நான்தான். நம்பித்தான் வாங்கினார்கள். அன்று கோவிலுக்கு வராத இருபத்து மூன்று கடைக்காரக் குடும்பங்களுக்கு மட்டும் தெருவில் கொடுத்தேன். தீர்த்தம் படாத அந்த அட்டைகளிலிருந்துதான் மூன்று மனுவும். இதற்குத் தற்செயல் என்று பேர் வைக்க முடியாது.

உங்களிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. அதனால்தான் பதில் எழுதவில்லை.

சாமியாரிடம் மறுபடியும் போனேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்திலேயே, துளை போட்டால் பாவமில்லை என்று சொன்னார். வெளியே வரும்போது பிலோமி சொன்னது என் காதில் விழுந்தது: "சாமிக்கு என்ன, புருசனா பிள்ளையா!"

ஆகவே நான் ஒன்று செய்திருக்கிறேன். அற்புதமணியிடமிருந்து துளைக் கருவியை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டேன். அட்டையைக் கண்ணால் பார்த்து, எண்ணைத் தனித்தாளில் எழுதி, என் கையெழுத்தோடு மனு அனுப்பினால் போதும் என்று சொல்லிவிட்டேன். பாஸ்கலை மட்டும் நான் காலைப் பார்த்த அன்றே துளையில்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். கிளாடிஸ் அட்டையைச் சேலைத் தலைப்பில் சுற்றி, கை படாமல் தூக்கிக் காட்டினார். இரண்டு விரல் போய்விட்டது. கால் தப்பியது.

விதியை மாற்றி ஒரு வரி அனுப்புங்கள், இல்லையென்றால் புது அட்டை அனுப்புங்கள். எது சீக்கிரம் முடியுமோ அது.

அக்காவுக்கு அன்பு.

நயினார்

*

தூத்துக்குடி
18-11-1974, திங்கள், காலை 9.05
துளையில்லாத மனுக்கள்: 96. உங்களிடமிருந்து கடிதம்: இல்லை

அன்புள்ள அத்தானுக்கு,

ஆறு வாரமாகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லையே? தீபாவளிக்கு அக்கா போட்ட கார்டு வந்தது. அதில் உங்கள் கையெழுத்து இல்லை.

ஆறு மாதத்தில் மூன்று. துளையை எடுத்த நாற்பது நாளில் தொண்ணூற்றாறு. அற்புதமணி பின்னல் ஊசியைக் கீழே போட்டுவிட்டார். வரிசையில் நிற்க இடமில்லை என்று சண்டை வருகிறது. மாடக்கண்ணு அண்ணாச்சி வந்து, "ஏலே நயினா, எங்களுக்கு மட்டும் ஓட்டை போட்டுட்டியே, எங்களுக்கும் தெளிச்ச அட்டை கொடு" என்கிறார்.

பாஸ்கலுக்குப் புண் மேலே தோல் எடுத்து வைத்துத் தைக்க வேண்டுமாம். சதை ஊறின பிறகு, ஏப்ரல் கடைசியில்தான் செய்ய முடியும் என்கிறார் டாக்டர். நம் திட்டம் ஏப்ரல் ஆறோடு முடிகிறது. திறந்த புண்ணோடு உப்புத் தண்ணீரில் இறங்க முடியாது. இறங்காவிட்டால் அவருக்கு வேறு தொழில் தெரியாது. தேதியைக் கேட்டுவிட்டு அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அப்பவும் இந்த அட்டை இருக்குமா சார்?"



நயினார்

*

கடலோர வைத்தியக் காப்பீட்டுச் சோதனைப் பிரிவு, சென்னை
2-12-1974

பெறுநர்: திரு. ஆறுமுகநயினார், கள மதிப்பீட்டாளர், தூத்துக்குடி.

பொருள்: விதிமீறிய மனுக்கள்.

துளை வட்டம் ஒட்டப்படாத 96 மனுக்களும் செல்லாதவை. புதிய அட்டை அச்சிட ஒதுக்கீடு இல்லை. மதிப்பீட்டுக்குரிய மனுக்களின் எண்ணிக்கை: மூன்று. வீடுவீடாகக் கணக்கெடுப்பது உடனே நிறுத்தப்பட வேண்டும். துளைக் கருவியைப் பயன்பாட்டிலிருந்து நீக்கியதற்குப் பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும்.

(ஒப்பம்) சிவசுப்பிரமணியன், துணை இயக்குநர்

*

சென்னை
15-12-74

அன்புத் தம்பி நயினாருக்கு அக்கா வடிவு எழுதிக்கொண்டது.

நாங்க நல்லா இருக்கோம். நீ நல்லா இருக்கியா? மழைக்குக் காலில் செருப்பு போட்டு நட. கடலோரத்துத் தண்ணியெல்லாம் ஒருபோல இருக்காது.

ஏலே, நீ அத்தான்மேல கோவத்துல இருப்ப. அந்த டைப் அடிச்ச கடுதாசி போனது எனக்குத் தெரியும். அனுப்பிட்டு வந்து ரெண்டு நாளு சரியாச் சாப்பிடல. நான் பிடிச்சு உலுக்கின பொறவு சொன்னாவ. உன் மொதக் கடுதாசி வந்ததுமே, "மூன்று மனுக்கள்தான் வந்தன, மக்களுக்குத் தேவை இல்லை, மூடிவிடலாம்"னு அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டு மேல அனுப்பிட்டாவளாம். ஆகஸ்டு மாசமே! நீ எழுதின எண்ணுதான்லே அது. பொறவு நீ எண்பத்து மூணுங்க, தொண்ணூத்தாறுங்க. போட்ட கையெழுத்த அழிக்க முடியுமா?

வீட்டுல ஒண்ணு வச்சிருந்தாவல்லா, ஓட்டை போடுத கருவி? வாரவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டுவாவ. அத இப்ப அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டிட்டாவ. பிள்ளைங்க கேட்டா ஏசுதாவ.

நான் எழுதினதச் சொல்லாத. அந்தப் பாஸ்கலுக்குக் கால் எப்படி இருக்கு? எனக்குப் பதில் போடு. உனக்கு நெய் விளங்கா உருண்டை பிடிச்சு அனுப்புதேன்.

அக்கா

*

சென்னை
10-1-1975

சிரஞ்சீவி நயினாருக்கு,

பொங்கலுக்கு என் ஆசீர்வாதம். எனக்கு இரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது, பயப்படும்படி இல்லை.

உன் விளக்கம் கிடைத்தது. "எண்ணுவதை நிறுத்த முடியாது, நோய் நிற்கவில்லை" என்ற ஒரு வரியை விளக்கம் என்று அலுவலகத்தில் ஏற்கமாட்டார்கள். கோப்பில் வைத்திருக்கிறேன்.

ஒரு தகவலுக்காக எழுதுகிறேன். திட்டத்தை மூடுவது பற்றி முடிவு செய்யும் குழு பிப்ரவரி 14, வெள்ளி, காலை 11 மணிக்கு, நம் அலுவலக இரண்டாம் மாடியில் கூடுகிறது. அட்டைதாரர்கள் வரக்கூடாது என்று விதி இருக்கிறதா என்று முழுப் புத்தகத்தையும் பார்த்தேன். இல்லை. எழும்பூரிலிருந்து நடந்தே வந்துவிடலாம். மாடிப்படி சற்றுச் செங்குத்து. கால் முடியாதவர்களுக்குப் பின்பக்கம் சரக்கு ஏற்றும் லிப்டு உண்டு.

வெற்றிலை தீர்ந்துவிட்டது.

சிவசுப்பிரமணியன்

*

தூத்துக்குடி
20-1-1975, திங்கள், காலை 10.40
துளையில்லாத மனுக்கள்: 141

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே சுகம். உங்கள் இரத்த அழுத்தத்துக்கு உப்பைக் குறையுங்கள். கடற்கரையிலிருந்து எழுதுகிறவன் சொல்கிறான்.

உங்கள் தகவலைக் கிளாடிஸ் வீட்டு வாசலில் நின்று படித்துக் காட்டினேன். பாஸ்கல் லிப்டு என்ற இடத்தில் சிரித்தார். "சரக்கு லிப்டுலயா? மீன்கூடை மாதிரி போயி எறங்குதேன்." பிலோமி தேதியை எண்ணிப் பார்த்தார். "விபூதிப் புதன் கழிஞ்சு ரெண்டாம் நாளு. தபசு வெள்ளி, நோம்பு நாளு. எப்படியும் ஒருவேளச் சாப்பாடுதான். சாருக்குச் செலவு மிச்சம்."

இங்கே ஒரு வழக்கம் உண்டு. விபூதிப் புதனுக்கு முன்னால் வீட்டிலிருக்கும் பழைய குருத்தோலைகளைக் கோவிலில் கொடுத்துவிட வேண்டும். எரித்துச் சாம்பலாக்கி அதைத்தான் நெற்றியில் பூசுவார்கள். ஓலையோடு மந்திரித்த அட்டையையும் சேர்த்துக் கொடுப்பதா என்று தெருவில் பேச்சு வந்தது. கிளாடிஸ்தான் தீர்த்துவைத்தார்: "ஓலையக் கொடுத்திருதோம். அட்டையக் கொடுக்கமாட்டோம். அது இன்னும் பலன் கொடுத்து முடியல."

ஆகஸ்டில் நான் எழுதிய மூன்று என்ற எண் தப்பில்லை. அதை வைத்து எழுதிய வாக்கியம்தான் தப்பு. மூன்றை எழுதியவன் நான் என்பதால் அதைத் திருத்துகிற வேலையும் என்னுடையது. யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள்.

அக்காவுக்கு என் அன்பு. வெற்றிலையைக் கையிலேயே கொண்டுவருகிறேன்.

நயினார்

இனி நான் செய்யப்போவது:

1. பிப்ரவரி 13, வியாழன், சென்னை மெயிலில் பாஸ்கல், கிளாடிஸ், பிலோமி உள்பட பன்னிரண்டு பேரோடு ஏறுவேன்.

2. துளை விழாத 389 அட்டைகளும் வெள்ளைத் துணியில் சுற்றி எங்களோடு வரும். குழுவின் மேசையில் வைக்கமாட்டோம். கையில் பிடித்துத்தான் காட்டுவோம். தொட்டால் கிளாடிஸ் அடிப்பார் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

3. நான்காம் படிவத்தின் கட்டத்துக்கு வெளியே இருக்கிற 141 பேரையும் பெயர், நோய், தேதியோடு எழுந்து நின்று வாசிப்பேன். உட்காரச் சொன்னால் முதலிலிருந்து வாசிப்பேன்.

4. குருத்தோலை ஞாயிறன்று அட்டைகளுக்குத் தீர்த்தம் தெளிக்கச் சொன்ன அவசரக்காரன் நான்தான் என்று யாரும் கேட்பதற்கு முன்னால் சொல்வேன்.

5. வேலையை விட்டு எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், பிப்ரவரி 17, திங்கள், காலை 10.40-க்கு திரேஸ்புரத்தில் மறுபடி எண்ணத் தொடங்குவேன்.

6. பெயருக்கு நேரே துளை போடுவது யாருடைய யோசனை என்று குழு கேட்டால், நான் வாயைத் திறக்கமாட்டேன். நீங்கள் அந்த அறையில்தான் இருப்பீர்கள்.